டவர் கிடைக்காத இரவிலும் காப்பீடு செல்லும்

திருவண்ணாமலை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,



வேட்டவலம், திருக்கோவிலூர், மணலூர்பேட்டை, தண்டராம்பட்டு, செங்கம், காஞ்சி, வேலூர், அவலூர்பேட்டை, திண்டிவனம் என்று எத்தனை திசையில் சாலை உண்டோ அத்தனை திசையிலிருந்தும் பவுர்ணமிதோறும் நம் ஊருக்கு வண்டிகள் வந்து சேர்கின்றன. கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்களும் கார் நிறுத்துமிடங்களும் அமைத்து, பல லட்சம் பேரை உள்ளே விட்டு, பத்திரமாக வெளியே அனுப்பிவைக்கும் பெரும்பணி உங்கள் துறையின் தோளில் இருக்கிறது. விடிய விடிய நிற்கும் காவலர்களின் உழைப்பை இந்த ஊர் நன்றியோடு பார்க்கிறது. அந்த நன்றியோடுதான் இந்த மடலையும் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே. வாகனச் சோதனையில் 'இன்சூரன்ஸ் காட்டுங்க' என்று காவலர் கேட்கும்போது, ஓட்டுபவர் தாளை நீட்டினாலும் போனைக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே மதிப்பு தரப்பட வேண்டும். இரண்டையும் காட்ட முடியாதவர் வண்டி எண்ணை அரசுப் பதிவேட்டில் பார்த்த பிறகே அபராதம் பற்றி முடிவெடுக்க வேண்டும். இதை மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் பொருந்தும் சுற்றறிக்கையாக, ஒரே பக்கத்தில், தமிழில், பொதுமக்களும் படிக்கும்படி நீங்கள் வெளியிட வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே தீர்த்துவைத்த ஒன்றுக்கு எதற்குச் சுற்றறிக்கை என்று தோன்றலாம். சட்டம் தில்லியில் தீர்ந்துவிட்டது. சாலையோரத்தில் இன்னும் தீரவில்லை. கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் 'போன்ல இருக்கு, ஆனா எதுக்கும் ஜெராக்ஸ் ஒண்ணு டேஷ்போர்டுல போட்டு வெச்சிருக்கேன்' என்பார். அந்த 'எதுக்கும்' என்ற அச்சத்தை நீக்கும் அதிகாரம் உங்கள் மேசையில் இருக்கிறது.

சட்டத்தின் நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 146-ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் பொதுச் சாலையில் ஓடக் கூடாது என்கிறது. இந்தக் கட்டாயம் புதிதன்று. 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே இருந்து, 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்தில் சான்று என்றால் தாள் மட்டுமே. ஆகவே 'காப்பீடு இருக்கிறதா?' என்ற கேள்வியும் 'தாள் இருக்கிறதா?' என்ற கேள்வியும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே கேட்கப்பட்டு வந்தன. இப்போது அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

2018 ஆகஸ்ட் 8-ஆம் நாள் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகன் செயலியிலும் காட்டப்படும் ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் அசல் ஆவணங்களுக்கு இணையாக ஏற்க வேண்டும் என்றது. காப்பீட்டைப் பற்றி அது இன்னும் ஒரு படி மேலே போனது. காப்பீட்டுத் தகவல் மையம் புதிய பாலிசிகளையும் புதுப்பித்தவற்றையும் நாள்தோறும் 'வாகன்' என்னும் அரசுப் பதிவேட்டில் ஏற்றுகிறது. அந்தப் பதிவேட்டில் காப்பீடு நடப்பில் இருப்பதாகத் தெரிந்தால் தாள் சான்றைக் கேட்கத் தேவையில்லை என்று எழுதியது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-ஆம் விதி திருத்தப்பட்டு, ஆவணங்களைத் தாளாகவோ மின்வடிவிலோ காட்டலாம் என்பது விதியாகவே ஆனது. 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், மின்வழியில் சரிபார்க்கப்பட்ட ஆவணத்தைத் தாளாகவும் கொண்டுவரச் சொல்லக் கூடாது என்றது. சோதனை நடந்த நாள், நேரம், சோதித்த அதிகாரியின் அடையாளம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் உண்டு. ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப நிறுத்திச் சோதிக்கும் நிலையைத் தவிர்க்கவே அந்த ஏற்பாடு.

இதெல்லாம் வருவதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் நடந்ததை நாம் மறக்கவில்லை. 2017 செப்டம்பரில், வண்டி ஓட்டுபவர் அசல் உரிமத்தையே கையில் வைத்திருக்க வேண்டும் என்று மாநில அரசு அறிவித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. உரிமம் தொலைந்தால் மறுநகல் வாங்க எத்தனை நாள் அலைய வேண்டும் என்று மாநிலம் முழுக்க ஓட்டுநர்கள் கவலைப்பட்டார்கள். அசலைத் தொலைத்துவிடுவோமோ என்ற அந்தப் பயத்துக்குச் சட்டமே அடுத்த ஆண்டு மருந்து தந்தது. அந்த மருந்து சாலையோரம் வரை வந்து சேர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இன்று காப்பீட்டு நிறுவனம் தருவதே மின்வடிவப் பாலிசிதான். நிறுவனத்தின் மின்கையொப்பத்தோடு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து சேரும் பி.டி.எஃப். கோப்புதான் மூலம். கார்க்காரர் அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறார். அந்த அச்சை அசல் என்று ஏற்றுக்கொண்டு, அது பிறந்த கோப்பைப் போனில் காட்டும்போது ஏற்க மறுப்பதில் நியாயம் இல்லை.

இந்த ஊரில் போன் எப்போது கைவிடும்

போன் போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. திருவண்ணாமலையில் அப்படிச் சொல்வது இந்த ஊரை அறியாதவர் பேச்சு.

பவுர்ணமி இரவில் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரும் மனிதத் தலைகள். ஒவ்வொருவர் கையிலும் போன். வீட்டுக்கு வீடியோ காலில் மலையைக் காட்டுபவர், தொலைந்த உறவினரைத் தேடுபவர், ஜிபே-யில் காசு அனுப்ப முயல்பவர் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் அதே சில டவர்களை நம்புகிறார்கள். தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் பொழுதில் ஊரில் சாதாரண அழைப்பே போவதில்லை. டிஜிலாக்கரில் புதிதாக நுழைய ஓ.டி.பி. வர வேண்டும், அந்த நேரத்தில் அது வராது. நள்ளிரவுக்கு மேல் நடந்து முடித்து, காரை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கோ சித்தூருக்கோ திரும்புபவர் போனில் சார்ஜ் இருப்பதே அபூர்வம்.

நகரத்தை விட்டு வடமேற்கே போனால் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூருக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் டவர் வருவதும் போவதும் அந்தப் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பீமன் அருவிக்குக் குடும்பத்தோடு போகிறவரை மலைப்பாதையில் நிறுத்தி 'செயலியைத் திறங்க' என்றால் அவர் என்ன செய்வார்?

போனே இல்லாதவர்களும், பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள் பலருக்கு எல்லாவற்றையும் மகனோ மகளோ வெளியூரிலிருந்தபடி பார்த்துக்கொள்கிறார்கள்; பாலிசி அவர்கள் போனில் இருக்கிறது, வண்டி இங்கே ஓடுகிறது. ஆக்டிங் டிரைவர்களின் பாடு இன்னும் கடினம். காரின் ஆவணங்கள் உரிமையாளரின் டிஜிலாக்கரில், உரிமையாளரின் ஆதாருக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர் கோயிலுக்குள் வரிசையில் நிற்கிறார். காரை நிறுத்துமிடத்துக்கு ஓட்டிவரும் டிரைவரின் போனில் ஒன்றும் இல்லை. இவர்களுக்கெல்லாம் டேஷ்போர்டில் இருக்கும் ஒரு தாள்தான் துணை. அந்தத் தாளைப் பழைய காலத்துப் பழக்கம் என்று யாரும் தள்ளிவிடக் கூடாது.

தாள் எப்போது கைவிடும்

தாளுக்கும் குறைகள் உண்டு. அவை வேறு வகை. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் அச்சு மங்குகிறது, உறையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆன்லைனில் புதுப்பித்தவர் புதிய அச்சை எடுக்க மறந்துவிடுகிறார். டேஷ்போர்டில் சென்ற ஆண்டுத் தாளே இருக்கிறது. காப்பீடு நடப்பில் இருக்கிறது, கையில் இருக்கும் தாளோ காலாவதி ஆகிவிட்டது. தாளை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், ஒழுங்காகப் பணம் கட்டியவர் குற்றவாளி ஆவார்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. அச்சு இயந்திரம் இருக்கும் யாரும் தேதியை மாற்றிப் போலித் தாள் எடுக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு பாலிசியே போடாமல் தாளை மட்டும் கொடுத்து ஏமாற்றும் ஆட்களும் இருக்கிறார்கள். தாள் புத்தம் புதிதாக, முத்திரையோடு இருக்கும். பின்னால் காப்பீடு இருக்காது. தாளை மட்டும் பார்த்து அனுப்பினால் இவர்கள் தப்பிப்பார்கள்.

2024 டிசம்பர் முதல் வாரத்தை நம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி ஊர்களுக்குள் புகுந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது பீரோவில் இருக்கும் தாளை யார் காப்பாற்றுவது? அப்படிப்பட்ட நாளில் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்த கார்க்காரர் இழப்பீடு கேட்கப் போனால், முதலில் கேட்கப்படுவது பாலிசி எண். மின்வடிவில் இருக்கும் பாலிசி எந்த வெள்ளத்திலும் போகாது.

ஆகத் தாளோ போனோ தனியாக நின்றால் இந்த ஊரில் ஒன்று மாற்றி ஒன்று கைவிடும். கைவிடாமல் இருக்கக்கூடியது மூன்றாவது ஒன்று: பதிவேடு. வண்டியின் எண் பலகை எந்த இரவிலும் வண்டியோடு இருக்கிறது.

யாருக்காக இந்தக் காப்பீடு

சோதனையின் நோக்கத்தை நினைவில் கொள்ளாவிட்டால் இந்த விவாதம் தாளைப் பற்றிய வெறும் சச்சரவாகிவிடும். மூன்றாம் தரப்புக் காப்பீடு கார்க்காரருக்கானது அன்று. அந்தக் கார் யாரை மோதக்கூடுமோ அவருக்கானது. நம் ஊரில் அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. செருப்பில்லாமல், இருட்டில், சாலையோரமாக மலையைச் சுற்றி நடப்பவர். பேருந்தை விட்டிறங்கிச் சாலையைக் கடக்கும் பாட்டி. இரவு முழுக்கக் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா.

அவரை மோதும் வண்டிக்குக் காப்பீடு இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் வண்டி உரிமையாளரின் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவரிடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் தீர்ப்பு வெறும் தாள்தான். மோதிவிட்டு அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் அரசு வழி கிடைக்கும். ஓர் உழைப்பாளியை இழந்த குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு?

நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடு இல்லாமல் ஓடுகின்றன என்று காப்பீட்டுத் தகவல் மையமே கணக்குச் சொன்னது. இந்த நிலையை மாற்றத்தான் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2018 ஜூலையில் ஓர் உத்தரவு வந்தது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும், இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் தரப்புக் காப்பீடு முன்கூட்டியே எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவர் அறுவை சிகிச்சை அரங்கில் தினமும் கண்ட வேதனை நாடு முழுமைக்குமான உத்தரவாக மாறியது; நமக்கு அதில் பெருமை உண்டு.

இந்த உத்தரவால் சோதனையில் ஒரு புதுக் குழப்பமும் வந்தது. புதிய காரின் பாலிசியில் இரண்டு காலாவதித் தேதிகள் இருக்கின்றன. சொந்தச் சேதத்துக்கான பகுதி ஓராண்டில் முடியும். மூன்றாம் தரப்புப் பகுதி மூன்று ஆண்டு செல்லும். சட்டம் கட்டாயமாக்குவது பின்னதை மட்டுமே. முதல் தேதியை மட்டும் பார்த்து 'முடிஞ்சு போச்சே' என்று சொன்னால் அது தவறாகும். பழைய கார் வாங்கியவர் விஷயத்திலும் கவனம் வேண்டும். விற்றவர் பெயரில் பாலிசி இருந்தாலும், 157-ஆம் பிரிவின்படி அது வாங்கியவருக்கு மாறியதாகவே கருதப்படும். பெயரை மாற்றிக்கொள்ள அவர் 14 நாளுக்குள் நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் வேறு என்பதாலேயே காப்பீடு இல்லை என்று ஆகாது.

சோதனைக்கு நிற்கும் காவலரின் நேரமும் கவனமும் அளவுள்ளவை. காப்பீடு எடுத்தவரிடம் தாள் எங்கே என்று கேட்டுச் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும், காப்பீடே எடுக்காதவர் பக்கத்தில் நழுவிப் போகும் நிமிடம்.

வெளியில் எப்படி

பிரிட்டனில் கார் காப்பீட்டுத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாப் பாலிசிகளும் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. போலீசார் எண் பலகையைக் கொண்டே தெரிந்துகொள்கிறார்கள். தேவைப்பட்டால் ஏழு நாளுக்குள் காவல் நிலையத்தில் சான்றைக் காட்டச் சொல்கிறார்கள். பிரான்சில் பல பத்தாண்டுகளாகக் கார்க் கண்ணாடியில் ஒட்டிவந்த பச்சைக் காப்பீட்டு வில்லையை 2024 ஏப்ரல் 1 முதல் எடுத்தே விட்டார்கள். அங்கும் இனி பதிவேடுதான் சான்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2013 முதல் போனில் காட்டும் காப்பீட்டை ஏற்கிறது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வேலியும் போட்டது: போனை வாங்கிப் பார்க்கும் அதிகாரி காப்பீட்டுச் சான்றைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது.

அந்த வேலி இங்கும் வேண்டும். இன்று ஒருவரின் போனில் அவருடைய வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், மருத்துவ அறிக்கை எல்லாம் இருக்கின்றன. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் காட்டுவதற்காகப் போனைப் பூட்டுத் திறந்து பிறர் கையில் கொடுக்க வேண்டும் என்றால், குறிப்பாகப் பெண்கள், தயங்குவது இயல்பு. அவர்கள் தாளை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழு நாள் தவணை பிரிட்டனுக்கு மட்டும் உரியது அன்று என்பதையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 158-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. காப்பீட்டுச் சான்றைக் கேட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள், தாம் குறிப்பிட்ட காவல் நிலையத்தில் அதைக் காட்டிவிட்டால், காட்டத் தவறினார் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. வாடகை வண்டிகளுக்கு, விதிகள் வகுக்கும் அளவிலும் மாற்றங்களோடும் மட்டுமே இது பொருந்தும். காப்பீடே இல்லாமல் ஓட்டுவது 196-ஆம் பிரிவின் கீழ் தனிக் குற்றம். முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி செய்தால் 4,000 ரூபாய், மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. சான்று கையில் இல்லாதவரை இந்தப் பிரிவில் சேர்ப்பது முறையாகாது.

சுற்றறிக்கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, காவலர் வண்டி எண்ணை இ-சலான் கருவியில் போட்டுப் பார்க்கட்டும். காப்பீடு நடப்பில் இருப்பதாகப் பதிவேடு காட்டினால் தாளும் வேண்டாம், போனும் வேண்டாம், வண்டி போகலாம்.

இரண்டாவது, பதிவேட்டில் தெரியவில்லை என்றால் அதையே கடைசித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். புதிய கார்களுக்கு நிரந்தரப் பதிவெண் கிடைக்கும் முன்பே, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வைத்துப் பாலிசி போடப்படுகிறது. பின்னர் வந்த பதிவெண் பாலிசியில் ஏறாமல் விடுபட்டால் பதிவேட்டில் காப்பீடு காட்டாது. ஓட்டுபவர் தாளையோ, டிஜிலாக்கரையோ, நிறுவனம் அனுப்பிய பி.டி.எஃப். கோப்பையோ காட்டினால் ஏற்கட்டும். ஐயம் இருந்தால் பாலிசியில் அச்சாகியிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து பார்க்கலாம். அது தாளிலும் போனிலும் ஒன்றேதான்.

மூன்றாவது, பவுர்ணமியன்றும் தீபத்தன்றும் காவலரின் கருவிக்கும் டவர் கிடைக்காமல் போகலாம். அப்போது ஓட்டுபவரைச் சாலையோரத்தில் காக்க வைக்க வேண்டாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கட்டுப்பாட்டு அறையில் பார்க்கட்டும். காப்பீடு இல்லை என்று உறுதியானால் உரிமையாளருக்கு இ-சலான் போகட்டும். எண் உங்களிடம் இருக்கும்வரை அந்த வண்டி எங்கும் தப்பிவிடாது. பின்னால் வரிசைகட்டி நிற்கும் நூறு வண்டிகளும் நகரும்.

நான்காவது, எதையும் காட்ட முடியாத சொந்த வண்டிக்காரருக்கு ஏழு நாள் தவணை உண்டு என்பதைக் காவலரே எடுத்துச் சொல்லட்டும். பெங்களூரிலிருந்தோ திருப்பதியிலிருந்தோ வந்தவர் தம் ஊரிலேயே எந்தக் காவல் நிலையத்தில் காட்டலாம் என்பதையும் குறித்துக் கொடுக்கட்டும்.

ஐந்தாவது, போன் ஓட்டுபவரின் கையிலேயே இருக்கட்டும். காவலர் திரையைப் பார்த்தால் போதும்.

ஆறாவது, நகர எல்லைச் சோதனைச் சாவடிகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் இந்த ஐந்தையும் எழுதிய பலகை ஒன்று வேண்டும். தமிழோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் அது இருக்க வேண்டும். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகத்திலிருந்து வரும் அடியார் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவதை நம் தேரடி வீதியே சொல்லும். மொழி தெரியாத இடத்தில் சீருடையைக் கண்டு திகைத்து நிற்பவருக்கு அந்தப் பலகை பேசும். சோதிக்கும் காவலருக்கும் அது காவல். 'உங்க இஷ்டத்துக்குக் கேக்கறீங்க' என்ற பேச்சு எழாது.

ஏழாவது ஒன்று, உங்கள் அலுவலகம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தோடு சேர்ந்து செய்ய வேண்டியது. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களில் சுங்கச்சாவடிக் கேமரா வழியே ஆவணங்களைச் சோதித்துத் தானாகவே சலான் அனுப்பும் முறை வந்துவிட்டது. அது இங்கும் பரவும் காலம் தொலைவில் இல்லை. பதிவேட்டில் பிழை இருந்தால் இயந்திரம் அந்தப் பிழையையும் சேர்த்தே தண்டிக்கும். டி.என். 25 வண்டிகளின் காப்பீட்டு விவரம், செல்போன் எண், உரிமையாளர் பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்துத் திருத்த, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சிறப்பு முகாம்கள் நடத்த நீங்கள் முன்கை எடுக்கலாம்.

வண்டி வைத்திருப்போருக்கும் கடமை உண்டு

உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வண்டிக்காரர்களை விட்டுவிடுவது நியாயம் ஆகாது. ஆகவே இதைப் படிக்கும் சக வண்டிக்காரர்களுக்கும் சில வார்த்தைகள்.

பாலிசி போடும்போது ஏஜென்டின் செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்க விடாதீர்கள், உங்களுடையதைக் கொடுங்கள். அவர் எண் இருந்தால் புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்கே போகும்; உங்கள் காப்பீடு முடிந்தது உங்களுக்கே தெரியாது. பாலிசி வந்ததும் எம்பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் தேதியும் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அன்றே நிறுவனத்திடம் சொல்லித் திருத்துங்கள். சோதனையில் நிற்கும்போது திருத்த முடியாது. பி.டி.எஃப். கோப்பைப் போனுக்குள் இறக்கி வையுங்கள். நெட் இல்லாமலும் திறக்கும். ஒரே ஓர் அச்சு டேஷ்போர்டில் இருக்கட்டும். புதுப்பித்த அன்றே பழையதை எடுத்துவிடுங்கள். ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போது அந்த அச்சு இருக்கும் இடத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக, காப்பீடு முடியும் நாளுக்கு முன்பே புதுப்பியுங்கள். காவலர் நிறுத்துவாரோ என்ற பயத்துக்காக அல்ல. மலையைச் சுற்றி நடப்பவரில் ஒருவர் நாளை உங்கள் வண்டிக்கு முன்னால் வரக்கூடும் என்பதற்காக. அவருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் அந்தப் பிரீமியம்.

கண்காணிப்பாளர் அவர்களே, நான் கேட்டிருக்கும் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை. விதிகள் 2018 முதலே உங்கள் பக்கம் இருக்கின்றன, பதிவேடு கருவியில் இருக்கிறது. இல்லாதது, மாவட்டம் முழுவதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளச் சொல்லும் உங்கள் கையொப்பமிட்ட ஒரு பக்கம் மட்டுமே. வரும் கார்த்திகை தீபத்துக்கு முன்பாக அது வெளிவர வேண்டும். எண்ணோடும் தேதியோடும் வரட்டும். அப்போதுதான் எந்தச் சாவடியிலும் ஓட்டுபவர் அதைச் சொல்லிக் கேட்கவும் காவலர் அதைக் காட்டிப் பதில் சொல்லவும் முடியும். காப்பீடு எடுத்தவர் எல்லாரும் அச்சமில்லாமல் ஊருக்குள் வரட்டும். எடுக்காதவர் ஒருவர்கூடத் தப்பாமல் இருக்கட்டும்.



திருவண்ணாமலை நகரவாசி ஒருவர்

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர், திருவண்ணாமலை